கைநாட்டும் கையடக்கத் தொலைபேசியும்

அண்மையில் கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியோரக் கையடக்கத் தொலைபேசிக் கடையொன்றில் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. எனது தொலைபேசியின் வெடித்துப்போன கண்ணாடியை மாற்றக் கொடுத்திருந்தேன். அப்போது எழுபது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் உள்ளே வந்தார். இரணைமடுக் குளத்தின் நீரில் நெல் விளைவிப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய புதிய தொலைபேசி அவர் கையில் இருந்தது. விரலை வைத்தால் திறக்கும்படி செய்து தருமாறு கேட்டார்.

கடைப் பையன் பொறுமைசாலி. "ஐயா, பெருவிரலை ஒருக்கா வையுங்கோ... எடுங்கோ... திரும்பவும் வையுங்கோ" என்று பத்துப் பன்னிரண்டு தடவை சொல்லியிருப்பான். இயந்திரம் ஏற்கவில்லை. விரலைத் துடைத்துப் பார்த்தார்கள். வலக்கையை விட்டு இடக்கைக்கு மாறினார்கள். ஒரு தடவை பதிந்தது. பூட்டித் திறந்து பார்த்தபோது மீண்டும் மறுத்துவிட்டது. பெரியவர் சினங்கொள்ளவில்லை. தன் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு, "என்ர விரலை மண் தின்றுபோட்டுது தம்பி" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் பல நாட்களாக என்னை விட்டுப் போகவில்லை. விரலடையாளம் என்ற இந்தச் சிறிய விடயத்துக்குப் பின்னால் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் தென்னாசியர்களுக்கும், குறிப்பாகத் தமிழர்களுக்கும், பெரும் பங்குண்டு. வன்னி மண்ணுக்கு அதில் தனியானதோர் அத்தியாயம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

எங்கள் சிறுவயதில் 'கைநாட்டு' என்பது வசைச்சொல். கையெழுத்துப் போடத் தெரியாதவரைக் குறிப்பது. உறுதி எழுதும்போதும், வங்கியிலும், கச்சேரியிலும் மைத்தட்டில் பெருவிரலைத் தோய்த்து அழுத்தும் முதியவர்களின் முகத்தில் ஒரு கூச்சம் இருக்கும். இன்று கொழும்பு நிறுவன அதிகாரியிலிருந்து ரொறன்ரோவில் படிக்கும் பேரப்பிள்ளை வரை நாளொன்றுக்குப் பல பத்துத் தடவை கைநாட்டுப் போடுகிறார்கள். மைதான் இல்லை, கூச்சமும் இல்லை. காலம் சொற்களின் மதிப்பை எப்படித் தலைகீழாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

நவீன நிர்வாகத்தில் இந்தக் கைநாட்டு நுழைந்தது வங்காளத்தில். 1858ஆம் ஆண்டு ஜங்கிப்பூரில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த வில்லியம் ஹேர்ஷல், வீதி அமைக்கும் பொருட்களை வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தகாரரின் முழு உள்ளங்கையையும் ஒப்பந்தத்தின் பின்புறத்தில் மையால் பதியவைத்தார். பின்னாளில் அந்த மனிதர் 'இது என் ஒப்பமல்ல' என்று மறுத்துவிடக்கூடாது என்பதே நோக்கம். அதாவது, ஆளைக் கண்டுபிடிக்கும் தேவைக்கு முன்பாக, ஆள்மீது கொண்ட அவநம்பிக்கையே இதன் தொடக்கம். 1877இல் ஹூக்ளியில் நீதவானாக இருந்தபோது, ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் விரலடையாளம் பெறும் வழக்கத்தை அவர் கொண்டுவந்தார். இறந்தவரின் பெயரில் வேறொருவர் ஓய்வூதியம் வாங்குவதைத் தடுப்பது அதன் காரணங்களில் ஒன்று.

உலகின் முதலாவது விரலடையாளப் பணியகங்களில் ஒன்று 1897இல் கல்கத்தாவில் அமைந்தது. ஆயிரக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தித் தேடியெடுக்கும் முறைக்கு எட்வேர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயரின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதன் கணித வேலையைச் செய்தவர்கள் அவருக்குக் கீழே பணியாற்றிய அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு வங்காளிகள். 1901இல் அந்த முறை லண்டன் ஸ்கொட்லாண்ட் யார்டுக்குச் சென்றது. காலனியில் பரீட்சித்துப் பார்த்த பிறகே அது தாய்நாட்டுக்குப் போனது என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த கட்டம் தென்னாபிரிக்காவில். 1906இல் டிரான்ஸ்வால் அரசு, ஆசியர் அனைவரும் விரலடையாளம் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், கேட்கும்போது பதிவுப் பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவர முனைந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க் எம்பயர் அரங்கில் கூடிய இந்தியர்கள், சிறை சென்றாலும் பணிவதில்லை என்று உறுதி பூண்டார்கள். சத்தியாக்கிரகம் பிறந்த இடம் அதுதான். காந்தியோடு 1908 ஜனவரியில் சிறை சென்றவர்களில் மொரீசியஸில் பிறந்த தம்பி நாயுடுவும் ஒருவர். ஜொகன்னஸ்பேர்க் தமிழர்களின் தலைவராக விளங்கியவர்.

இங்கேதான் நமக்குத் தேவையான பாடம் இருக்கிறது. சிறையில் இருந்தபோதே ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்தால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்பது காந்தி அதைப் புரிந்துகொண்ட விதம். அதை நம்பி 1908 பெப்ரவரி 10ஆம் திகதி பதிவு அலுவலகம் நோக்கி நடந்தார் காந்தி. வழியில் மீர் ஆலம் என்ற பட்டாணியர் அவரை அடித்து வீழ்த்தினார். நேற்றுவரை விரலடையாளம் கொடுக்காதே என்றவர் இன்று தானே கொடுக்கப் போகிறாரே என்ற ஆத்திரம் அது. குறுக்கே பாய்ந்து அடி வாங்கியவர் தம்பி நாயுடு. அடிபட்டுப் படுக்கையில் கிடந்த நிலையிலும் காந்தி விரலடையாளத்தைப் பதிந்து கொடுத்தார். கட்டாயத்தின் பேரில் கொடுப்பது வேறு, விரும்பிக் கொடுப்பது வேறு என்பது அவரது வாதம். சட்டம் நீக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுப் பத்திரங்கள் தீயிலிடப்பட்டன.

காந்தி சொன்னது சரியா, மீர் ஆலமின் சந்தேகம் சரியா என்று கேட்டால், இருவரும் சரி என்றே நான் சொல்வேன். விரும்பிக் கொடுப்பதற்கும் வற்புறுத்திப் பெறுவதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. ஆனால் கொடுத்த பிறகு, அது எந்த வகையில் பெறப்பட்டது என்பதை விரல் நினைவில் வைத்திருப்பதில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் மனதில் இருத்திக்கொண்டு வன்னிக்கு வருவோம்.

இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டு வருகிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அதோடு ஐந்நூறு கூட்டப்பட்டிருக்கும். சாவடியில் நிற்பவர் ஒரு பார்வையில் வயதையும் பாலையும் கணக்கிட்டுவிடலாம். வடக்குக் கிழக்கில் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அட்டை வெறும் கடதாசியல்ல, உயிர். குளிக்கக் கிணற்றடிக்குப் போனாலும் சட்டைப் பையில் இருக்கும். வவுனியாவில் தங்குவதற்கும் நடமாடுவதற்கும் விதம் விதமான பாஸ்கள் இருந்த காலத்தை அந்த ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். வன்னிக்குள்ளிருந்து வெளியே வருவதற்கு விடுதலைப் புலிகளின் பாஸும் வேண்டும். ஒருவர் தான் யார் என்பதை இரண்டு பக்கமும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பிறகு ஓமந்தையைக் கடந்து சென்ற நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வரிசையில் நின்று அட்டையை நீட்டினால், சாவடியில் இருப்பவர் அட்டையிலுள்ள படத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மீண்டும் படத்தைப் பார்ப்பார். அந்த இரண்டு மூன்று நொடிகள் நீளமானவை. இன்று தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடிக்கும்போது அது செய்வதும் இதே வேலைதான்: சேமித்த உருவத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிடுவது. 2006 ஆகஸ்டில் அந்தப் பாதை மீண்டும் மூடப்பட்டது.

முகத்தை அடையாளங்காணும் இன்னொரு முறையும் எங்கள் மண்ணில் இருந்தது. அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை. சுற்றிவளைப்பில் பிடித்த இளைஞர்களை வரிசையாக நடக்கவிட்டு, சாக்கினால் முகத்தை மூடிய ஒருவரின் முன்னால் நிறுத்துவார்கள். அவர் தலையை அசைத்தால் ஒரு பக்கம், அசைக்காவிட்டால் மறுபக்கம். இந்திய அமைதிப்படைக் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் இது நடந்தது. 'தலையாட்டி' என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் பல தாய்மாருக்கு நெஞ்சு பதறும். தவறாக அசைந்த தலைக்கு மேன்முறையீடு இல்லை. ஏன் அசைந்தது என்று கேட்கவும் வழியில்லை. இயந்திரம் ஒருவரைத் தவறாக அடையாளங்காணும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்குத்தான் கண்முன் வருகிறது.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியா செட்டிகுளம் மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் மிகப் பலரிடம் அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ காணி உறுதியோ இல்லை. பதுங்குகுழிகளிலும் நந்திக்கடல் நீரிலும் அவை போய்விட்டன. பின்னர் நடமாடும் சேவைகள் மூலம் ஆவணங்கள் சிறுகச் சிறுக மீளப் பெறப்பட்டன. மெனிக்பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கையில் எதுவுமின்றி மீண்ட அந்த மக்களுடன் எஞ்சியிருந்த ஒரே அடையாளம் அவர்களது உடல். அதிலும் சிலர் விரலையும் கையையும் கண்ணையும் இழந்திருந்தார்கள்.

இந்தப் பின்னணியோடு இன்றைய தொலைபேசியைப் பார்ப்போம். முதலில் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். 2013இல் அப்பிள் நிறுவனம் ஐபோன் 5எஸ் தொலைபேசியில் விரலடையாளப் பூட்டை அறிமுகப்படுத்தியபோது, இரகசிய இலக்கமே போடாமல் தொலைபேசியைத் திறந்து வைத்திருந்தவர்கள் ஏராளம். ஒவ்வொரு தடவையும் நான்கு இலக்கங்களைத் தட்ட அவர்களுக்குப் பொறுமையில்லை. விரலை வைத்தால் போதும் என்று வந்த பிறகுதான் அத்தகையோரும் பூட்டுப் போடத் தொடங்கினார்கள். வசதி பாதுகாப்பைக் கூட்டியது. கிராமத்தில் தனியே இருக்கும் தாய்க்கு, இலக்கம் மறந்துபோகும் வயதில், விரலால் திறந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடிகிறதென்றால் அது சிறிய காரியமல்ல.

அதன் செயற்பாடும் பலர் அஞ்சுவதுபோல் இல்லை. நல்ல தொலைபேசிகள் விரலின் படத்தை வைத்திருப்பதில்லை. மேடு பள்ளங்களை அளந்து, அதை ஒரு கணித உருவாக மாற்றி, தனியான பாதுகாப்புச் சில்லில் பூட்டி வைக்கின்றன. அது தொலைபேசியை விட்டு வெளியே போவதில்லை. அந்நியர் ஒருவரின் விரல் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என்றும், 2017இல் வந்த முகப்பூட்டில் அது பத்து இலட்சத்தில் ஒன்று என்றும் அப்பிள் கூறியது. இரட்டையருக்கும் சிறுவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதையும் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது.

ஆனால் ஏமாற்ற முனைபவர் தற்செயலை நம்பியிருப்பதில்லை. ஐபோன் 5எஸ் விற்பனைக்கு வந்த சில நாட்களுக்குள், கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகத்தினர் அதைத் திறந்து காட்டினார்கள். 2014இல் அதே கழகத்தின் கூட்டத்தில், அப்போதைய ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சரின் ரேகை, பொது நிகழ்ச்சியில் எடுக்கப்பட்ட புகைப்படங்களிலிருந்து உருவாக்கிக் காட்டப்பட்டது. 2019இல் சம்சுங்கின் சில தொலைபேசிகளில், திரைமீது ஒட்டிய மலிவான பாதுகாப்பு உறை காரணமாக எவர் விரலை வைத்தாலும் பூட்டுத் திறந்தது. நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

இவையெல்லாம் இயந்திரம் அந்நியரை உள்ளே விடும் பிழைகள். உலகம் பேசுவது பெரும்பாலும் இவற்றைத்தான். மறுவகைப் பிழை, உரியவரை வெளியே நிறுத்துவது. கிளிநொச்சிக் கடையில் நான் கண்டது அது. இரண்டும் ஒரு தராசின் இரு தட்டுகள். அந்நியரைத் தடுக்கக் கண்டிப்பைக் கூட்டினால் உரியவர் மறுக்கப்படுவதும் கூடும். அந்தச் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. மண்வெட்டி பிடிப்பவர், சீமெந்து குழைப்பவர், முல்லைத்தீவுக் கரையில் கரைவலைக் கயிறு இழுப்பவர், நாள் முழுவதும் சட்டிபானை கழுவும் பெண் ஆகியோரின் ரேகைகள் தேய்ந்து போகின்றன. முதுமையும் தோலைத் தளர்த்துகிறது. மேசையில் இருந்து எழுதும் என் போன்றோரின் விரல் முதல் தடவையிலேயே பதிந்துவிடுகிறது.

தொலைபேசி மறுத்தால் இலக்கத்தைத் தட்டித் திறக்கலாம். அரசாங்கம் மறுத்தால்? இந்தியாவில் ஆதார் அட்டையோடு உணவுப் பங்கீட்டை இணைத்தபோது எழுந்த கேள்வி இது. ஜார்க்கண்டில் 49 வீதமும் ராஜஸ்தானில் 37 வீதமும் அடையாளச் சரிபார்ப்புத் தோல்வியடைந்ததாக மதிப்பீடுகள் உண்டு என்று இந்திய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கையே குறிப்பிட்டது. வலையமைப்புக் கோளாறு உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். அரிசி இல்லாமல் திரும்பியவருக்குக் காரணம் எதுவானாலும் ஒன்றே.

இலங்கையும் அந்தத் திசையில் நகர்கிறது. 2015 முதல் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கு விரலடையாளம் பெறப்படுகிறது. விரல், முகம், கருவிழி ஆகியவற்றைக் கொண்ட டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்திய உதவி பெறும் உடன்பாடு 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. இதனால் நன்மைகள் வரும். போரில் ஆவணம் இழந்தவர்களின் அலைச்சலைக் கண்டவன் என்ற முறையில் அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வன்னி மக்கள் இரண்டு கேள்விகளைக் கேட்க உரித்துடையவர்கள். தேய்ந்த விரலுக்கும் இல்லாத விரலுக்கும் மாற்று வழி என்ன? சேர்த்த தரவு எவர் கைக்குப் போகும்? 2015இல் அமெரிக்க அரச ஊழியர் அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் விரலடையாளங்கள் திருடப்பட்டன. 2021இல் காபூல் வீழ்ந்தபோது, அமெரிக்கப் படையினர் ஆட்களை அடையாளங்காணப் பயன்படுத்திய கருவிகள் தலிபான்களின் கையில் சிக்கியதாகச் செய்திகள் வந்தன. கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். பத்து விரல்களுக்கு மேல் எவருக்கும் இல்லை.

மூன்றாவதாக ஒன்றுண்டு. மனதில் உள்ள இலக்கத்தை ஒருவர் சொல்லாமல் இருக்கலாம். விரலை ஒளிக்க முடியாது. கையைப் பிடித்துத் தொலைபேசிமேல் வைத்துவிடலாம், உறங்கும்போதும் வைக்கலாம். 2014இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் ஒரு நீதிமன்றம், சந்தேகநபரை விரல் வைக்கும்படி பணிக்கலாம், இரகசிய இலக்கத்தைச் சொல்லும்படி பணிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் வேறு நீதிமன்றங்கள் வேறு விதமாகவும் தீர்ப்பளித்திருக்கின்றன. சட்டத்தின் பாதுகாப்பு உள்ள நாட்டிலேயே இவ்வளவு குழப்பம் என்றால், அட்டையை நீட்டி நீட்டிப் பழகிய ஊரில் அதைப்பற்றிச் சிந்திப்பது மிகையல்ல. நடைமுறையில் ஒரு சிறு வழி இருக்கிறது: தொலைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினால், இலக்கம் தட்டும்வரை விரலையும் முகத்தையும் அது ஏற்பதில்லை. ஊடக நண்பர்களுக்கு நான் சொல்லும் அறிவுரை இது. அந்த இலக்கமும் நான்கு அல்லாமல் ஆறாக இருப்பது நல்லது. பிறந்த ஆண்டாக இல்லாதிருப்பது அதனினும் நல்லது.

அப்படியானால் விரல்பூட்டு வேண்டாமா? வேண்டும். நானும் பயன்படுத்துகிறேன். எனது பொருளை, எனது விருப்பத்தின் பேரில், எனது விரலால் திறப்பதில் எந்த இழுக்கும் இல்லை. அதே விரலை வேறொருவர் தனது தேவைக்காகக் கேட்கும்போதுதான் தம்பி நாயுடு வாங்கிய அடியையும், ஹமீதியா பள்ளிவாசல் முன்னால் எரிந்த தீயையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிளிநொச்சிக் கடையில் கடைசியில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவரின் இடக்கை மோதிரவிரல் அதிகம் உழைக்காத விரல். அதை இரண்டு தடவை வெவ்வேறாகப் பதிந்து வைத்தான் பையன். ஐந்துக்கு மூன்று தடவை திறந்தது. "இது பிழைச்சால் இலக்கம் போடவேணும் ஐயா. ஆறு இலக்கம், உங்களுக்கு மறக்காததாய்ச் சொல்லுங்கோ" என்றான். பெரியவர் சொல்லவில்லை. தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாகத் தானே தேடித் தேடித் தட்டினார். நேரம் எடுத்தது. பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் வீதியைப் பார்த்தேன்.